மைனஸில் ஒரு முகவரி

-928714080.

ஒரு புரோகிராமில், கம்ப்யூட்டரின் நினைவக முகவரி என்று பிரிண்ட் போட்டுப் பார்த்தால் இதுதான் வந்தது. முகவரி எங்காவது மைனஸில் இருக்குமா?

அதற்கு முன் ஒரு மணி நேரமாக 'செக்மென்டேஷன் ஃபால்ட்' மட்டும்தான், அதாவது தொடக்கூடாத நினைவக இடத்தைத் தொட்டதால் புரோகிராம் நிற்பது. எந்த வரியில் தப்பு என்று நான் எழுதும் பைத்தான் மொழி வழக்கமாக நீட்டி முழக்குமே, அதெல்லாம் இல்லை. மொத்தமாகச் செத்துப்போனது.

சி மொழியில் எழுதிய பழைய லைப்ரரி ஒன்றில் இருக்கும் ஒரு ஃபங்ஷனை, பைத்தானையும் சியையும் இணைக்கும் சிடைப்ஸ் வழியாகக் கூப்பிட்டிருந்தேன். அந்த ஃபங்ஷன் தருவது 64 பிட் பாயின்டர், அதாவது ஒரு நினைவக முகவரி. நான் அதைச் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் சிடைப்ஸ் அதைச் சாதாரண இன்ட், அதாவது முழு எண் என்று எடுத்துக்கொள்ளும். 32 பிட்தான் மிஞ்சும், மேல்பாதி போச்சு. மிஞ்சியதை பிளஸ், மைனஸ் உள்ள எண்ணாகப் படித்ததால்தான் அந்த மைனஸ்.

கதவு எண் கையில் இருக்கிறது, தெருப்பெயர் இல்லை. அதை வைத்துக்கொண்டு அடுத்த ஃபங்ஷன் யார் வீட்டுக் கதவையோ தட்டியிருக்கிறது.

ஃபங்ஷன் தருவது என்ன வகை என்று சொல்லும் ரெஸ்டைப்பை, முழு முகவரியும் கொள்ளும் வாய்ட் பாயின்டர் என்று ஒரே வரியில் மாற்றினேன். ஓடிவிட்டது.

பைத்தானில் இத்தனை வருஷமாக வகை பற்றிக் கவலையே இல்லாமல் எழுதியிருக்கிறேன். யாரோ கீழே உட்கார்ந்து எனக்காகக் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். சி அப்படியில்லை, சொன்னதை அப்படியே நம்பிவிடும்.

இன்னும் பதினான்கு ஃபங்ஷன் பாக்கி. சரி, நாளைக்கு.