டாக்டர் ஒன்றுமே செய்யவில்லையா?

வியாசர்பாடியில் நண்பர் ஒருவரின் வீட்டு மாடியறையில் ஞாயிறு மாலைகளில் ஆறேழு பேர் கூடி 'டாக்டர் ஹூ' பார்ப்பதைப் பல ஆண்டுகளாக விடாமல் செய்துவருகிறோம். காலத்தில் முன்னும் பின்னும் பயணம் செய்யும் டாக்டர் என்ற பாத்திரத்தை வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு நடிகர்கள் ஏற்று நடிக்கும் பிரிட்டிஷ் அறிவியல் புனைவுத் தொடர் அது. எங்களில் மூத்தவர், ரயில் பெட்டித் தொழிற்சாலையில் பிட்டராக இருந்து ஓய்வுபெற்ற ஓர் அண்ணன். இளையவள் நண்பரின் மகள், கல்லூரியில் படிக்கிறாள். எபிசோட் முடிந்ததும் தேநீர் வரும், கூடவே வாதமும் தொடங்கும். ஆனால் இந்தியப் பிரிவினையைப் பற்றிய 'டீமன்ஸ் ஆஃப் த பஞ்சாப்' என்ற எபிசோடைப் பார்த்த இரவில் நடந்ததைப் போல நீண்ட வாதம் அதற்கு முன்பும் நடந்ததில்லை, பின்பும் நடந்ததில்லை. 2019-இல் நடந்ததை இத்தனை காலம் கழித்து எழுதுகிறேன் என்றால், அன்று நான் பிடிவாதமாகச் சொன்ன ஒரு கருத்தை இன்று என்னால் அப்படியே சொல்ல முடியவில்லை என்பதால்தான். முடிவைச் சொல்லாமல் இதை எழுத முடியாது. ஆகவே அந்தக் கதையை இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

வினய் படேல் எழுதிய அந்தக் கதை பிபிசியில் 2018 நவம்பர் 11 அன்று, முதல் உலகப் போர் நிறுத்தத்துக்குச் சரியாக 100 ஆண்டுகள் நிறைந்த நாளில் ஒளிபரப்பானது. டாக்டர் பாத்திரத்தை ஏற்று இந்தத் தொடரை நடத்திச்சென்ற முதல் பெண்ணான ஜோடி விட்டேக்கரின் முதல் சீசனில் அது ஆறாவது எபிசோட். டாக்டரோடு பயணம் செய்யும் யாஸ்மின் கான் ஷெஃபீல்டு நகரத்துப் பெண். அவளுடைய பாட்டி உம்ப்ரீன் தன் பிறந்தநாளில் பேத்திக்கு ஓர் உடைந்த கைக்கடிகாரத்தைக் கொடுத்து, இதை ஒருபோதும் பழுதுபார்க்கக் கூடாது என்கிறாள். ஏன் என்று கேட்டால் வாய் திறக்க மறுக்கிறாள். பேத்தி டாக்டரை வற்புறுத்தி 1947 ஆகஸ்ட் மாதத்துப் பஞ்சாபுக்குப் போகிறாள். அங்கே இளம் உம்ப்ரீன் திருமணத்துக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறாள். மணமகன் யாஸ்மினின் தாத்தா அல்லர். பிரிட்டிஷ் படையில் போரிட்டுத் திரும்பிய பிரேம் என்ற இந்து. அதற்கு முன் இந்தியாவுக்கே வந்திராத ராட்கிளிஃப் என்ற பிரிட்டிஷ் வழக்கறிஞர் ஐந்தே வாரங்களில் போட்டு முடித்த இந்திய-பாகிஸ்தான் எல்லைக்கோடு ஆகஸ்ட் 17 அன்று வெளியானது. அதையொட்டித்தான் அவர்களுடைய திருமணமும் நடக்கிறது.

கதையில் வரும் வேற்றுக்கிரகவாசிகளுக்குத் திஜேரியர்கள் என்று பெயர். ஒரு காலத்தில் கூலிக்குக் கொலை செய்தவர்கள். தங்கள் கிரகம் அழிந்தபோது அங்கே இல்லாமல்போய், சொந்த மக்களின் சாவைக் கண்டு துக்கம் காக்க முடியாமல் போனவர்கள். அந்தக் குற்ற உணர்வில், ஆதரவற்று இறப்பவர் எங்கே இருந்தாலும் அருகே சென்று நின்று, அந்த இறப்பைக் கண்டு வணங்குவதையே தங்கள் கடமையாக்கிக்கொண்டார்கள். திருமணத்தை நடத்திவைக்க வந்த சாதுவின் உடலருகே அவர்கள் நிற்பதைக் கண்டு டாக்டரே அவர்களைக் கொலைகாரர்கள் என்று தவறாக எண்ணுகிறார். உண்மையில் சாதுவைக் கொன்றவன் பிரேமின் சொந்தத் தம்பி மனீஷ். அவனே ஆயுதம் ஏந்திய குதிரைவீரர்களை ஊருக்குள் அழைத்துவருகிறான். உம்ப்ரீனும் அவளுடைய தாயும் தப்பிப்பதற்காகப் பிரேம் அவர்களை எதிர்கொண்டு நிற்கிறான். யாஸ்மின் பிறக்க வேண்டுமானால் அவன் இறந்தாக வேண்டும். டாக்டரும் மற்றவர்களும் திரும்பிப் பார்க்காமல் நடந்துபோகும்போது துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது.

தேநீரைக் கையில் வாங்குவதற்கு முன்பே அண்ணன் தொடங்கிவிட்டார். டாக்டர் ஒன்றுமே செய்யவில்லை என்பதுதான் அவருடைய குற்றச்சாட்டு. எதிரியை வெல்லவில்லை, ஒருவரையும் காப்பாற்றவில்லை, கருவி ஒன்றைக்கூடச் சரியாகப் பயன்படுத்தவில்லை. வந்தார், திருமணம் செய்துவைத்தார், போய்விட்டார். 2008-இல் வந்த பொம்பெய் கதையை அவர் சான்றுக்கு எடுத்தார். எரிமலை வெடித்து ஊர் அழிவதைத் தடுக்க முடியாது என்று டாக்டர் சொன்னபோதும், உடன் பயணம் செய்யும் டோனா அழுது கெஞ்சியதால் ஒரேயொரு குடும்பத்தை மட்டும் அவர் காப்பாற்றுகிறார். அன்று ஒரு குடும்பத்துக்குக் காட்டிய இரக்கத்தை இன்று ஒரு பிரேமுக்குக் காட்டினால் என்ன குறைந்துவிடும் என்று அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு விடையும் இந்தத் தொடருக்குள்ளேயே இருக்கிறது. 2005-இல் பால் கார்னெல் எழுதிய கதையில் டாக்டரோடு பயணம் செய்யும் ரோஸ் தன் தந்தையை விபத்திலிருந்து இழுத்துக் காப்பாற்றுகிறாள். காலமே கிழிந்து உலகம் அழியத் தொடங்குகிறது. கடைசியில் அந்தத் தந்தை தானாகவே போய் அந்த வண்டியின் முன் நிற்கிறார். பொம்பெய்க் குடும்பத்தின் பிழைப்பில் டாக்டரோடு வந்தவர் ஒருவருடைய பிறப்பு தொங்கிக்கொண்டிருக்கவில்லை. பிரேமின் பிழைப்பில் தொங்கிக்கொண்டிருக்கிறது. இதைச் சொன்னோம். அண்ணன் தலையாட்டினாரே தவிர ஏற்றுக்கொள்ளவில்லை.

விதிமுறை பேசுவதைவிடத் தொடரின் தொடக்கத்தைப் பார்த்தால் இந்தக் கதை இன்னும் நன்றாகப் புரியும் என்பது என் எண்ணம். 1963 நவம்பர் 23 அன்று இந்தத் தொடர் தொடங்கியபோது, இதைத் திட்டமிட்ட சிட்னி நியூமன் விகாரமான பூதங்கள் எதுவும் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். பாதிக் கதைகள் வரலாற்றில் நடக்க வேண்டும், சிறுவர்கள் அவற்றிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்பது நோக்கம். அடுத்த மாதமே டாலெக்குகள் என்ற வேற்றுக்கிரகப் பூதங்கள் வந்துவிட்டதால் தொடரின் போக்கு மாறியது. ஆனால் 1964-இல் வந்த அஸ்டெக் கதையில் பார்பரா என்ற பள்ளி ஆசிரியை ஒரு நாகரிகத்தின் நரபலியை நிறுத்தப் போராடித் தோற்கிறாள். வரலாற்றில் ஒரு வரியைக்கூட மாற்ற முடியாது என்று டாக்டர் அவளிடம் கடுமையாகச் சொல்கிறார். அன்றைய டாக்டர் பெரும்பாலும் பார்வையாளர்தான். வினய் படேல் அந்தப் பழைய டாக்டரைத்தான் திரும்ப அழைத்துவந்தார். அழைத்துவந்து, பார்ப்பது என்பது எவ்வளவு பெரிய செயல் என்பதைத் திஜேரியர்கள் வழியாகச் சொல்லவைத்தார்.

இன்னொன்றையும் அன்றிரவு அவர்களிடம் சொன்னேன். இந்தத் தொடரின் முதல் கதையை இயக்கிய வாரிஸ் ஹுசைன் 1938-இல் லக்னோவில் பிறந்தவர். பிரிவினைக்கு முந்தைய ஆண்டில் குடும்பத்தோடு இங்கிலாந்துக்குப் போனவர். அவருடைய தாய் ஆத்தியா ஹுசைன் அந்தக் காலத்து லக்னோ முஸ்லிம் குடும்பங்களின் வாழ்வை நாவலாக எழுதியவர். பிரிவினையால் வீடிழந்த தலைமுறையைச் சேர்ந்த ஒருவரின் கையால் தொடங்கிய தொடர், பிரிவினையைப் பற்றிப் பேச 55 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. எனக்கு இது சிறிய செய்தியாகத் தோன்றவில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. திஜேரியர்கள் தங்களைப் பற்றித் தாங்களே விளக்கும் காட்சி பாடம் நடத்துவதுபோல் இருக்கிறது. படம்பிடித்தது ஸ்பெயினில் என்பதால் நிலம் கொஞ்சம் வறண்டு தெரிகிறது. ஆனால் முடிவில், எல்லோருக்கும் பழகிய அந்த அறிமுக இசையை இசையமைப்பாளர் செகுன் அகினோலா நம் பக்கத்துக் குரலிலும் வாத்தியங்களிலும் மாற்றி அமைத்துப் பெயர்கள் ஓடும்போது ஒலிக்கவிட்டிருப்பதைக் கேட்டபோது, அறையில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

எழுந்திருக்காதவர்களில் நண்பரின் பாட்டியும் ஒருவர். நாங்கள் எல்லோரும் அவரை ஆயா என்றுதான் அழைப்போம். அன்று அவருக்கு 84 வயது. வாங்கிவந்த அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸைத் தட்டுகளில் பிரித்துக் கொடுக்க மாடிக்கு வந்தவர், திரையில் மருதாணியும் கல்யாணப் பேச்சுமாக இருப்பதைக் கண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஆங்கிலம் தெரியாது, கொள்ளுப்பேத்தி பக்கத்தில் அமர்ந்து மெல்லிய குரலில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். வியாசர்பாடியில் எத்தனையோ குடும்பங்களைப்போல அவர்களுடையதும் பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பம். 1964-இல் நெ வின் அரசு கடைகளை நாட்டுடைமையாக்கி, 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்த பிறகு, கையில் கொண்டுவர முடிந்ததோடு கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியவர்கள். அந்தப் பயணத்தைப் பற்றி ஆயா பலமுறை பேசியிருக்கிறார். அதற்கு முந்தையதைப் பற்றிப் பேசி நாங்கள் யாரும் கேட்டதில்லை.

அண்ணனின் வாதம் உச்சத்தில் இருந்தபோது ஆயா குறுக்கிட்டார். "யாரும் இல்லாம சாகிறவங்க பக்கத்துல போய் நிக்கிறதுதான் அதுங்க வேலையா?" என்று கொள்ளுப்பேத்தியைக் கேட்டார். ஆமாம் என்றாள். அந்தக் காட்சியை மறுபடியும் போடச் சொன்னார். போட்டோம். பிரேம் தனியே நிற்கிறான், பக்கத்தில் அந்த இரண்டு உருவங்கள் வந்து நிற்கின்றன. பார்த்துவிட்டு, "அப்படின்னா எங்க பெரியண்ணன் பக்கத்துலயும் ஒண்ணு நின்னிருக்கும்" என்றார்.

1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் ரங்கூன்மீது குண்டு வீசிய பிறகு, சுமார் 5 லட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டு வெளியேறினார்கள். கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் அரக்கான் மலைகளைத் தாண்டிச் சிட்டகாங்குக்கும், தமு வழியாக இம்பாலுக்கும், ஹூக்காங் பள்ளத்தாக்கு வழியாக அசாமுக்கும் நடந்தார்கள். பசியிலும் காலராவிலும் மலேரியாவிலும் வழியிலேயே இறந்தவர்களுக்கு முறையான கணக்கே இல்லை. ஆயாவின் பெரியண்ணன் ரங்கூன் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். உடன் வேலை செய்தவர்களோடு தமு பக்கம் நடந்து போனார் என்பதுவரை வீட்டுக்குத் தெரியும். அதன் பிறகு செய்தி இல்லை. கிராமத்தில் தங்கிவிட்ட குடும்பம் அவருக்குத் திதி கொடுப்பதா வேண்டாமா என்றே பல ஆண்டுகள் தெரியாமல் இருந்தது என்று ஆயா சொன்னார். பிரிவினையில் இறந்தவர்களின் எண்ணிக்கையை 2 லட்சம் என்பாரும் உண்டு, 20 லட்சம் என்பாரும் உண்டு. அந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கும் மனிதர்கள் யார் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. அண்ணன் அதற்குப் பிறகு அன்று பேசவில்லை. டாக்டர் பிரேமைக் காப்பாற்றியிருக்கலாம் என்ற கருத்தை அவர் இன்றும் கைவிடவில்லை. ஆனால் டாக்டர் ஒன்றும் செய்யவில்லை என்று மட்டும் மறுபடி சொன்னதில்லை.

என் பிடிவாதம் வேறு இடத்தில். கதையின் கடைசிக் காட்சியில் யாஸ்மின் ஷெஃபீல்டுக்குத் திரும்பிப் பாட்டியின் பக்கத்தில் உட்காருகிறாள். கடிகாரத்தின் கதையை இப்போது சொல்லட்டுமா என்று பாட்டியே கேட்கிறாள். இன்னொரு நாள் சொல்லுங்கள் என்கிறாள் பேத்தி. எனக்கு அது மிகச் சிறந்த முடிவாகப் பட்டது. அந்தக் கடிகாரம் கீழே விழுந்து நின்ற கணத்தை அவள் கண்ணால் பார்த்துவிட்டாள்; தெரிந்துகொள்வதற்காக இனி அந்தக் காயத்தைக் கிளற வேண்டியதில்லை; அதுதான் அன்பு என்று வாதிட்டேன். நண்பரின் மகள் இதைக் கடைசிவரை மறுத்தாள். யாஸ்மினுக்குத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லாமல் இருக்கலாம், ஆனால் 70 ஆண்டுகள் பூட்டிவைத்ததைப் பாட்டி தானாகத் திறக்க முன்வந்த நேரத்தில் வேண்டாம் என்பது எப்படி அன்பாகும், சொல்வது கேட்பவருக்காக மட்டுமா என்று கேட்டாள். யாஸ்மின் சாட்சியாக இருந்தாள் என்பது பாட்டிக்குத் தெரியாது. பாட்டியைப் பொறுத்தவரை பிரேமின் மரணத்துக்கு இன்னும் யாருமே சாட்சியில்லை என்றாள். எனக்கு அன்று பதில் இருப்பதாகத் தோன்றியது. இப்போது இல்லை.

மறுநாள் காலையில் அவள் ஆயாவிடம் கேட்டிருக்கிறாள், பெரியண்ணனைப் பற்றி நினைவிருப்பதையெல்லாம் சொல்லச் சொல்லி. அதைக் கைபேசியில் பதிவு செய்தாள். எங்களுக்குப் போட்டுக் காட்டியபோது எனக்கு நினைவுக்கு வந்தது இந்தத் தொடரின் ரசிகர்கள்தான். 1960-களின் எபிசோட்களைப் பிபிசி அழித்துவிட்டதால் 90-க்கும் மேற்பட்டவற்றின் படம் இன்று இல்லை. வாரிஸ் ஹுசைன் பெரும்பகுதி இயக்கிய மார்கோ போலோ கதையும் அவற்றில் சேரும். ஆனால் அவை எல்லாவற்றின் ஒலியும் இருக்கிறது. ஒளிபரப்பான நேரத்தில் வீட்டில் உட்கார்ந்து டேப் ரிக்கார்டரில் பதிவு செய்துவைத்த ரசிகர்கள் இருந்ததால் இருக்கிறது.

ஆயாவின் பதிவு 11 நிமிடம். பெரியண்ணன் தங்கையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போவது, ஊருக்கு வரும்போதெல்லாம் பொட்டலத்தில் பனங்கற்கண்டு கொண்டுவருவது, கிளம்பிய அன்று செருப்பு அறுந்துபோய்த் தந்தையின் செருப்பைப் போட்டுக்கொண்டு போனது. செருப்பைப் பற்றிச் சொல்லும் இடத்தில் ஜீவா நிலையத்தைக் கடக்கும் ரயிலின் ஓசையில் ஆயாவின் குரல் மூன்று நான்கு நொடிகள் கேட்காமல் போகிறது. அந்த ஓசையை நீக்கித் தர முடியும் என்று எங்களில் ஒருவர் சொன்னார். நண்பரின் மகள் சிறிது நேரம் யோசித்து, வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள்.