சாம்பலில் கலர் கலக்காமல் ஒரு கறுப்பு-வெள்ளை பிரிண்ட்: செய்து பார்த்தது

பிரிண்டர் எப்சன் பி700. பத்து மை, ஏ3+ வரை போகும். பேப்பர் இரண்டு வகை: மேட்டுக்கு (பளபளப்பில்லாத பரப்பு) கான்சன் ராக் ஃபோட்டோகிராஃபிக் 310 ஜிஎஸ்எம், பளபளப்புக்கு கான்சன் பிளாட்டின் ஃபைபர் ராக் 310 ஜிஎஸ்எம். இரண்டும் முழுப் பருத்தி, வெளுப்பூட்டி (வெள்ளையாகக் காட்டும் ரசாயனம்) சேர்க்காதவை. சோதனைக்கு 0 முதல் 100% வரை ஐந்தைந்தாக ஏறும் 21 கட்டச் சாம்பல் பட்டை ஒன்று. அதன் கீழே வெள்ளை வேட்டியும் கறுப்புக் குடையும் ஒன்றாக வருகிற படம் ஒன்று. வேட்டியின் மடிப்பும் குடைத்துணியின் சுருக்கமும் இரண்டுமே தெரிந்தால் பிரிண்ட் தேறியது என்று கணக்கு.

முதல் சுற்று: கலர் வழியே

பேப்பர் கம்பெனி தரும் ஐசிசி ப்ரொஃபைலைப் (அந்தப் பேப்பரில் நிறம் எப்படி விழும் என்று சொல்லும் ஃபைல்) போட்டு, கலர் படம் மாதிரியே அனுப்பியது. ஜன்னலோரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதே பிரிண்டை எல்ஈடி பல்புக்கு அடியில் வைத்ததும் நடுச் சாம்பல் ரோஸடித்தது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை 40% கட்டத்தின் மேல் வைத்தால் காரணம் தெரிந்துவிடும்: சாம்பலுக்குள் நீலம், ரோஸ், மஞ்சள் என்று பொடிப்பொடியாகப் புள்ளிகள். மூன்றும் ஒன்றையொன்று சரிக்கட்டும்வரைதான் அது சாம்பல். விளக்கு மாறினால் கணக்கு தவறும். வருஷங்கள் போனாலும் தவறும், ஏனென்றால் மூன்றும் ஒரே வேகத்தில் வெளிறாது. பெரும்பாலும் மஞ்சள்தான் முந்தும். நிறம் அடிப்பதும் நாளாவட்டத்தில் வெளிறுவதும் தனித்தனி நோயல்ல. இரண்டுக்கும் மருந்து, சாம்பலைக் கறுப்பு மைகளிடமே விடுவது.

இரண்டாம் சுற்று: கறுப்பு-வெள்ளை மோட்

2005-ல் ஆர்2400 மாடலோடு எப்சன் மூன்று அடர்த்தியில் கறுப்பு மை கொடுக்கத் தொடங்கியது. டிரைவரில் உள்ள ‘அட்வான்ஸ்டு பிளாக் அண்ட் ஒயிட்’ அதைப் பயன்படுத்தத்தான். இதில் முக்கால்வாசி வேலையைக் கறுப்பு, சாம்பல், வெளிர் சாம்பல் மூன்றும் பார்த்துக்கொள்ளும். கலர் மை துளியூண்டுதான் கலக்கும். அந்தத் துளியும் எதற்கு என்றால், கார்பன் கறுப்பு இயல்பிலேயே கொஞ்சம் பழுப்பு. அதை நியூட்ரலுக்கு இழுக்க வெளிர் நீலமும் வெளிர் ரோஸும் தேவை. பழைய படம் போலத் தெரியட்டும் என்று செபியாவைத் தேர்ந்தெடுத்தால் கலர் மை மறுபடி கூடிவிடும். பார்க்கப் பழசாக இருப்பதும் நீடித்து நிற்பதும் ஒன்றல்ல.

போட்ட செட்டிங்: ஃபோட்டோஷாப்பில் ‘பிரிண்டர் மேனேஜஸ் கலர்’, 360 பிபிஐ (அங்குலத்துக்கு 360 பிக்சல்), டோன் நியூட்ரல், ஹை ஸ்பீட் ஆஃப். மீடியா டைப்பில்தான் பலரும் வழுக்குவது. மேட் பேப்பருக்கு ஃபைன் ஆர்ட் வகை (மேட் பிளாக் மை), பிளாட்டினுக்கு லஸ்டர் வகை (ஃபோட்டோ பிளாக் மை). மாற்றிப் போட்டால் மேட்டில் கறுப்பு வெளிறி வரும். பிளாட்டினில் மை பிடிக்காமல் விரலோடு வந்துவிடும்.

மேட் பட்டையை ஒரு நாள் காயவிட்டு, ஸ்பெக்ட்ரோவில் (நிறம் அளக்கும் கருவி) ஒவ்வொரு கட்டத்தின் எல் மதிப்பையும் (வெளிச்ச அளவு: 0 கறுப்பு, 100 வெள்ளை) படித்தோம். பேப்பர் வெள்ளை 97, முழுக் கறுப்பு 17. இடையில் 80, படிகள் 20. ஆக ஒரு படிக்கு 4 இறங்க வேண்டும். ‘டார்க்கர்’ அமைப்பில் கடைசி மூன்று கட்டங்கள் 18.6, 17.4, 16.8. குடைச் சுருக்கம் மொத்தமும் அந்த இரண்டு புள்ளிக்குள் முழுகிவிட்டது. 57-ல் நிற்க வேண்டிய நடுக் கட்டம் 48-ல் இருந்தது. ‘டார்க்’குக்கு இறக்கியதும் நடு சரியானது, அடிக் கறுப்பு இன்னும் நெருக்கம்தான்.

மிச்சத்தைச் சரிசெய்ய குவாட்டோன் ரிப் என்ற அச்சு மென்பொருளோடு வரும் ஐசிசி கருவி போதும். 21 மதிப்புகளையும் வரிக்கு ஒன்றாக ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி அதன்மேல் இழுத்துப் போட்டால் கிரே ப்ரொஃபைல் ஒன்று கிடைக்கும். படத்தை அந்த ப்ரொஃபைலுக்கு கன்வர்ட் செய்து, அதே செட்டிங்கில் அச்சடிப்பது. இம்முறை படிகள் 3.6-லிருந்து 4.3-க்குள் இறங்கின, குடைச் சுருக்கமும் வந்தது. பேப்பர், டோன், ரெசல்யூஷன் இவற்றில் எது மாறினாலும் அந்த ப்ரொஃபைல் செல்லாது. இன்னொன்று, அளக்கும் பட்டையை கன்வர்ட் செய்யாமல் அச்சடிக்க வேண்டும். அதை மறந்தால் திருத்தத்தின் மேல் திருத்தம் ஏறிவிடும்.

பிளாட்டினில் முழுக் கறுப்பு 4.6 வரை இறங்குகிறது. எண்ணைப் பார்த்தால் மேட் தோற்றதுபோலத் தெரியும். ஃபிரேம் கண்ணாடிக்குப் பின்னால் போனதும் அந்த வித்தியாசம் பாதி காணாமல் போகும். பிளாட்டினில் தலைவலி வேறு: மை விழாத வெள்ளைப் பகுதி, மை விழுந்த பகுதியின் பக்கத்தில் மினுக்கம் மாறித் தெரியும். ‘ஹைலைட் பாயிண்ட் ஷிஃப்ட்’டை ஆன் செய்தால் வெள்ளையிலும் மெல்லிய மை விழுந்து அது அடங்குகிறது.

கெட்டுப்போன தாள்கள்

வேட்டியில் ஒன்றுமில்லை, குடைக் கறுப்பின் நடுவில்தான் உப்புக்கல் அளவு வெள்ளைப் புள்ளிகள். பருத்திப் பேப்பரில் ஒட்டியிருந்த பஞ்சுத்தூளின் மேல் மை விழுந்து, தூள் பிறகு உதிர்ந்த இடம் அது. அச்சடிக்கும் முன் தாளைச் சாய்த்துப் பிடித்து, அகலமான மென் பிரஷ்ஷால் ஒரே திசையில் இரண்டு தடவை தட்டிவிட்டால் முக்கால்வாசி ஒழியும். தப்பி வந்த புள்ளியை நீர்த்த பிக்மெண்ட் மையில் தொட்ட 000 பிரஷ்ஷால், ஓரத்தில் ஆரம்பிக்காமல் நடுவில் தொட்டு அடைக்கலாம்.

தாளின் முனையில் கறுப்புத் தேய்ப்பு வந்தால் ஹெட் உரசுகிறது என்று அர்த்தம். ஈரக்காற்றில் தாள் சுருள்கிறது. பிளாட்டன் கேப்பை (ஹெட்டுக்கும் தாளுக்கும் நடுவிலுள்ள இடைவெளி) அகலமாக்கி, தாளை ஒவ்வொன்றாகக் கொடுத்து, ஓரத்தில் 2 செ.மீ. வெள்ளை விட்டால் நின்றுவிடும். சென்னை மழைக்காலத்தில் பிரித்த பாக்கெட்டை அப்படியே விட்டால் மறுநாள் அலையலையாக நிற்கும். ஜிப் கவருக்குள் சிலிக்கா ஜெல்லோடு, 40-50% ஈரப்பதத்தில் வைப்பது நல்லது.

படத்தின் வானப் பகுதியில் மெல்லிய கோடுகள் தெரிந்தால் முதலில் நாசில் செக் (மைத்துளைகள் அடைத்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனை). வெளிர் சாம்பலில் ஒரே ஒரு நாசில் அடைத்திருந்தாலும் கறுப்பு-வெள்ளையில் காட்டிக்கொடுத்துவிடும். கலர் படத்தில் அது யார் கண்ணுக்கும் படாது.

காய்வதும் காப்பதும்

தொட்டால் உலர்ந்துதான் இருக்கும். ஆனால் மையிலுள்ள கிளைக்கால் (மெதுவாக ஆவியாகும் திரவம்) வெளியேற நாளாகும். அவசரமாகக் கண்ணாடி போட்டால் உள்பக்கம் பனிமூட்டம்போல் படியும். மேலே சாதாரண வெள்ளைத்தாள் வைத்து 24 மணி நேரம், மழை நாளில் 48. மேலே வைத்த அந்த வெள்ளைத்தாள் அலையலையானால் புதுத்தாள் மாற்ற வேண்டும். பாதுகாப்பு லாக்கர் ஸ்பிரேயை மழை நாளில் அடிக்கவே கூடாது, வெண்மூட்டம் கட்டும். காய்ந்த நாளில் 25-30 செ.மீ. தள்ளி மூன்று மெல்லிய பூச்சு.

கையிலிருக்கும் பேப்பரில் வெளுப்பூட்டி உண்டா என்று பார்க்க, ரூபாய் நோட்டு சோதிக்கும் யூவி டார்ச் போதும். நீலமாக ஒளிர்ந்தால் உண்டு. சோப்புத்தூளில் வருகிற அதே சங்கதி. காலப்போக்கில் அது சக்தியிழந்து, பேப்பர் மஞ்சளாகத் தெரியும்.

ஃபிரேம் கடையில் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டியவை: எம்டிஎஃப் பலகையில் ஒட்டி லேமினேட் செய்வது வேண்டாம், பின்னால் மில்போர்டு (மலிவான தடித்த அட்டை) வேண்டாம், செலோ டேப் கூடவே கூடாது. பருத்தி மேட் போர்டில் (ஃபிரேமுக்குள் படத்தைச் சுற்றி வரும் அட்டை) ஜன்னல் வெட்டி, பிரிண்ட்டை மேல் விளிம்பில் மட்டும் ஜப்பானிய பேப்பர் பட்டை இரண்டால் தொங்கவிட்டால், தாள் ஈரத்தில் விரிந்து சுருங்க இடமிருக்கும். பசைக்குக் கோதுமை ஸ்டார்ச் 1 பங்கு, தண்ணீர் 5 பங்கு, அரைமணி நேரம் கிளறி வடிகட்டியது. போஸ்டர் ஒட்டும் மைதாப் பசை ஆகாது. அதிலுள்ள குளுட்டனுக்கு ராமபாணப் பூச்சி தேடி வரும். மேட் போர்டின் தடிமன் பிரிண்ட்டைக் கண்ணாடியில் ஒட்டாமல் தள்ளி வைக்கும்; ஒட்டினால் ஈரத்தில் பிடித்துக்கொண்டு பிரியாது. பெட்டியில் வைப்பவற்றோடு அந்துருண்டை போடுவதும் வேண்டாம்.

இப்போது தெற்கு ஜன்னலில் இரண்டு பட்டைகள் தொங்குகின்றன: ஒன்று முதல் சுற்றின் கலர் வழி, மற்றது நியூட்ரல். இரண்டிலும் கீழ்ப்பாதி அலுமினியத் தாளில் சுற்றியிருக்கிறது. ஆறு வாரத்தில் கண்ணுக்கு வித்தியாசம் இல்லை. ஸ்பெக்ட்ரோவில் கலர் வழிப் பட்டையின் 40% கட்டம் மட்டும் நீலப்பக்கம் நகர ஆரம்பித்திருக்கிறது. அடுத்த அளவு மூன்றாம் மாதம்.