பைக் பிடிக்கும், அதுக்காக மெக்கானிக்கலா?

பிளஸ் டூவில் என் கட்-ஆஃப் 200க்கு 186. மாமா மெக்கானிக்கல் படித்தவர், எனக்கும் பைக் என்றால் உயிர். மெக்கானிக்கல் எஞ்சினியரிங்கில் சேர்ந்துவிட்டேன். அதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை, நானும்தான்.

முதல் செமஸ்டரிலேயே எஞ்சினியரிங் கிராஃபிக்ஸ் காலை வாரிவிட்டது. கூம்பைச் சாய்வாக வெட்டினால் வெட்டிய முகம் எப்படித் தெரியும் என்று வரையணும். ரூம்மேட் மெஸ்ஸிலிருந்து கேரட் எடுத்துவந்து பிளேடால் சீவிக் காட்டினான். கேரட் புரிந்தது, அடுத்த கணக்கு புரியவில்லை. அவனுக்கோ கேரட்டே தேவைப்படவில்லை. கண்ணை மூடினாலே உருவம் சுழலும். எனக்கு இரண்டு தடவை அரியர்.

மேத்ஸில் மார்க் வந்தால் இதுவும் வரும் என்று நினைத்ததுதான் தப்பு. இரண்டும் வேறு வேறு திறமை. 1947இலேயே வந்துவிட்ட டிஃபரென்ஷியல் ஆப்டிடியூட் டெஸ்ட் என்ற திறனறித் தேர்வில் எண் திறனுக்கு ஒரு பகுதி, உருவங்களை மனதில் திருப்பிப் பார்ப்பதற்கு வேறொரு பகுதி. பைக் விஷயமும் அப்படித்தான். ஓட்டப் பிடித்தது, அதைப் பற்றி மணிக்கணக்கில் பேசப் பிடித்தது. கார்புரேட்டரை ஒருநாளும் கழற்றியதில்லை.

மூன்றாம் வருஷம் ஹாஸ்டலில் மெஸ் செகரெட்டரி ஆனேன். டிவைடிங் மெஸ், ஆகிற செலவைத் தலைக்கு இவ்வளவு என்று பிரிக்கணும். ஒரு மாதம் பில் எகிறிவிட்டது. ராத்திரி இரண்டு மணி வரை ரசீதுகளைக் கட்டிலில் பரப்பி வைத்துத் தேடியதில், ஒரே சிலிண்டர் ரசீது இரண்டு தேதியில் ஏறியிருந்தது. யாரும் செய்யச் சொல்லவில்லை. தூக்கமும் வரவில்லை.

அப்புறம்தான் ஓ-நெட் இன்ட்ரஸ்ட் புரொஃபைலர் எழுதினேன். அமெரிக்கத் தொழிலாளர் துறை இணையத்தில் இலவசமாகத் தருவது, 60 கேள்வி. ஜான் ஹாலண்ட் என்ற உளவியலாளர் பிரித்த ஆறு வகை ஆர்வங்களில் நமக்கு எது தூக்கல் என்று காட்டும். சம்பளத்தையும் படிப்பையும் நினைக்காமல் பதில் சொல் என்று முதலிலேயே போட்டிருக்கும். நான் இரண்டையும் நினைத்துத்தான் டிக் அடித்தேன், எஞ்சினியருக்குத் தோதாகவே ரிசல்ட் வந்தது. ஒரு வாரம் கழித்து ஒழுங்காக எழுதியபோது ‘கன்வென்ஷனல்’ என்றது: கணக்கு, பதிவேடு, ஒழுங்கு. குமாஸ்தா என்று திட்டுவது போல இருந்தது. மெஸ் நோட்டை நினைத்துப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

டெஸ்ட்டை மட்டும் நம்பச் சொல்ல மாட்டேன். ஆர்வத்தைத்தான் அது கேட்கிறது, திறமையைச் சோதிப்பதில்லை. கடந்த ஆறு மாதத்தில் யாரும் சொல்லாமல் நீங்களாகச் செய்தது என்ன என்று ஒரு தாளில் எழுதி, ரிசல்ட் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ‘பிடிக்கும்’ என்று எழுதாதீர்கள், ‘செய்தேன்’ என்று எழுதுங்கள். டிகிரி இருந்ததால், காஸ்ட் அக்கவுண்டன்ட் படிப்பான சிஎம்ஏவில் முதல் கட்டமான ஃபவுண்டேஷன் எழுதாமல் நேராக இன்டர்மீடியட்டில் சேர்ந்தேன். நானாகச் செய்ததை முன்பே பட்டியல் போட்டுப் பார்த்திருந்தால் நாலு வருஷம் மிச்சம்.

போன வாரம் அக்கா மகன் போட்டோகிராபி படிக்கணும் என்றான். எடுத்த படங்களைக் காட்டச் சொன்னேன். பாதிக்கு மேல் செல்ஃபி. தெரிந்த கேமராக்காரரோடு ஒரு கல்யாணத்துக்கு லைட் பிடிக்க அனுப்புகிறேன். முகூர்த்தம் காலை நாலரைக்கு.