சாரல் சீசனில் மேற்கே பார்த்து

படத்துக்குச் சாயங்கால வெளிச்சம்தான் நல்லது என்பது பொதுவான பேச்சு. தென்காசிப் பக்கம் அது செல்லாது என்று இந்தச் சாரல் சீசனில் எனக்கு உறுதியாகிவிட்டது. இங்கே மலை மேற்கில் நிற்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேகமும் அந்த முகட்டிலேயே கிடக்கும். சாயும் சூரியன் அடிவானத்துக்கு வருமுன்பே மேகத்துக்குள் போய்விடும். மஞ்சள் வெயிலுக்குக் காத்திருந்தால் சாம்பல் வெளிச்சம்தான் கிடைக்கும்.

காலை வேறு கதை. கேரளத்துப் பக்கம் கொட்டித் தீர்க்கிற மழையில் மிச்சம்தான் கணவாய் வழியாகச் சாரலாக நம் பக்கம் வருகிறது. மலை இறங்கும் காற்று சூடாவதால் மேகம் பாதி வழியில் கரைந்துவிடும். துளிகள் மட்டும் காற்றோடு வயல் வரை பறந்து வரும். அதனால் தலைக்கு மேலே தூறல், கிழக்கே பளிச்சென்று வெயில். காக்காவுக்கும் நரிக்கும் கல்யாணம் என்போமே, அது இங்கே அன்றாடம் நடக்கிறது. வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு மேற்கே பார்த்து நின்றால் மலைமேலேயே வானவில்.

இதில் நேரக் கணக்கு முக்கியம். சூரியனுக்கு நேர் எதிர்ப்புள்ளியைச் சுற்றி 42 பாகையில் (டிகிரியில்) வில் விழுகிறது. விடிந்த உடனே பார்த்தால் வானத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும். என் பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவோடு வந்த 18-55 மி.மீ. கிட் லென்ஸுக்குள் அடங்காது. சூரியன் ஏற ஏற வில் தாழும். எட்டரை மணி வாக்கில் மலையோடு ஒட்டிப் படுத்து, லென்ஸின் அகலமான 18 மி.மீ. கோணத்தில் முழுசாக வந்துவிடுகிறது. ஒன்பதைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் வில்லே கிடையாது. ஆக, எனக்குப் பிடித்தது அந்தக் கடைசி அரை மணி நேரம்தான்.

லென்ஸின் முன்னால் திருப்பக்கூடிய வடிகட்டியான போலரைசரை மாட்டினால் வில்லின் நிறம் தூக்கலாக வரும் என்பது உண்மை, ஆனால் ஒரு பகுதிக்குத்தான். வளையத்தைத் திருப்பும்போது உச்சி பளிச்சென்று ஆனால் கால்கள் மங்கும். கால்கள் தெளிந்தால் உச்சி காணாமல் போகும். ஒற்றைக் காலை மட்டும் எடுக்க அருமையான கருவி. முழு வில்லுக்குக் கழற்றிப் பையில் போட்டுவிட வேண்டியதுதான். மற்றபடி நனைந்த இலையின் வெள்ளைப் பளபளப்பை எடுத்துவிட்டு உள்ளே இருக்கிற பச்சையைக் காட்ட அதைவிட நல்லது இல்லை.

அப்புறம் சூரியகாந்தி. தென்காசி பக்கத்துச் சுந்தரபாண்டியபுரத்தில் ஜூலையில் பூ நிறைந்ததும் ஊரே கேமராவோடு வந்துவிடுகிறது. மொட்டுப் பருவத்தில்தான் செடி சூரியனோடு திரும்பும். முற்றிய பூ கிழக்கே பார்த்தபடி நின்றுவிடும். இது தெரிந்தால் வேலை சுலபம்: வயலுக்குக் கிழக்கு வரப்பில் நின்றால் பூவின் முகம், பின்னால் மலை, அதன் மேல் மேகம், அதிர்ஷ்டம் இருந்தால் வில்லும், எல்லாம் ஒரே ஃப்ரேமில் வந்துவிடும். வரப்பில் நின்ற ஒரு அண்ணாச்சி, “படம் எவ்வளவு வேணும்னாலும் எடுங்க தம்பி, உள்ள இறங்கி செடிய மட்டும் மிதிச்சிராதீங்க” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பல வயல்களில் ஓரத்துச் செடிகள் மிதிபட்டுத்தான் கிடக்கின்றன.

காற்றோடுதான் பெரிய மல்லுக்கட்டு. பெரிய பூவென்றாலும் ஷட்டர் 1/500 நொடியைவிட மெதுவானால் அசைவு தெரிகிறது. தும்பையைக் கேட்கவே வேண்டாம். 50 மி.மீ. லென்ஸோடு, கிட்டத்தில் எடுக்க உதவும் எக்ஸ்டென்ஷன் டியூப் என்கிற வளையத்தைப் போட்டுத் தரையோடு படுத்தால், தெளிவாக விழுகிற ஆழம் சில மில்லிமீட்டர்தான். அதற்குள் பூ ஆடிவிடும். மேற்குப் பக்கம் குடையைச் சாய்த்து வைத்து மறைத்துப் பார்த்தேன். பரவாயில்லை, குடையை ஒரு கை பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதைத் தவிர. வெள்ளைப் பூ என்பதால் வெயிலில் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது பாதியாக, குறைத்தால்தான் இதழின் நரம்பு தெரிகிறது.

ஆவாரைக்கு இந்தச் சள்ளை எதுவும் இல்லை. கிழக்கே திரும்பி, வெயில் பூவுக்குப் பின்னாலிருந்து வரும்படி எடுத்தால் மஞ்சள் இதழுக்குள் வெளிச்சம் புகுந்து வெளியே வருகிறது. சாரல் துளி லென்ஸில் விழுவதுதான் ஒரே தொல்லை. லென்ஸின் முன்னால் மாட்டும் ஹூடும் பழைய பருத்தித் துண்டும் போதும்.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் இந்தக் கணக்கெல்லாம் தலைகீழ். மழை கிழக்கிலிருந்து வரும், வில் சாயங்காலம் கிழக்கே விழும், பின்னணிக்கு மலை கிடையாது. வேலியோரச் செங்காந்தளும் அப்போதுதான் பூக்கும். அந்தச் சாயங்கால வில்லுக்காகப் பனைகள் வரிசையாக நிற்கிற ஒரு குளத்தின் மேற்குக் கரையைப் பார்த்து வைத்திருக்கிறேன். குளம் நிறைந்தால் பனையும் வில்லும் தண்ணீரிலும் தெரிய வேண்டும்.