எடின்பரோவின் நீண்ட மாலைகள்

ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கோட்டையையும் ராயல் மைல் வீதியையும் பார்த்துவிட்டுத் திரும்பி விடுகிறார்கள். இந்த நகரில் வசிப்பவளாக எனக்கு அது பெரிய ஆதங்கம். ஜூன் மாதத்தின் நடுவில் இங்கே காலை நாலரை மணிக்கு முன்பே சூரியன் உதித்துவிடும். மறைவதற்கு இரவு பத்து மணி ஆகிவிடும். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, சமைத்துச் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி வைத்த பிறகும் ஒரு மலையில் ஏறி இறங்கும் அளவுக்கு வெளிச்சம் மிச்சம் இருக்கும். மலை, ஆறு, கடல் மூன்றும் பேருந்து போகும் தூரத்திலேயே இருப்பதால், எடின்பரோவின் கோடையை அனுபவிக்க விடுமுறையும் பெரிய ஏற்பாடும் தேவையில்லை, வாரநாளின் மாலைகளே போதும் என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் ஆர்தர்ஸ் சீட். நகரத்தின் நடுவே, ஹோலிரூட் பூங்காவுக்குள் 251 மீட்டர் உயரத்தில் நிற்கும் இந்தக் குன்று, ஏறத்தாழ 34 கோடி ஆண்டுகளுக்கு முன் வெடித்து அடங்கிய எரிமலையின் எச்சம். ஹோலிரூட் அரண்மனைப் பக்கத்திலிருந்து ஏறுகிறவர்களே அதிகம். எனக்கோ கிழக்கே டன்சாப்பி ஏரிக்கரையிலிருந்து ஏறும் குறுகிய வழிதான் பிடிக்கும். கோடையின் தொடக்கத்தில் சரிவெங்கும் கோர்ஸ் என்னும் முட்புதர்கள் மஞ்சளாகப் பூத்திருக்கும். வெயில் பட்ட பூக்களின் அருகே குனிந்தால், தேங்காய் எண்ணெய்ப் புட்டியைத் திறந்தாற்போல் ஒரு வாசனை வரும். ஸ்காட்லாந்தின் குளிர்காற்றில் அந்த வாசனை எங்கிருந்து வந்தது என்று முதன்முறை வரும் தமிழ் நண்பர்கள் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். உச்சிக்கு அருகில் பாறை, ஏறியவர்களின் காலடி பட்டுப் பட்டு வழவழப்பாகிவிட்டது. மழை பெய்த மறுநாள் அங்கே நிதானமாகக் கால் வைக்க வேண்டும்.

அந்தக் குன்றின் மேற்கே சுவர்போல் எழும் சாலிஸ்பரி கிராக்ஸ் பாறைமுகத்தை நிதானமாகப் பார்க்காமல் யாரும் போகக் கூடாது. பூமியின் பாறைகள் எல்லாமே ஆதிக்கடலின் நீரிலிருந்து படிந்தவை என்று பல அறிஞர்கள் நம்பிய 18ஆம் நூற்றாண்டில், அருகிலேயே குடியிருந்த நிலவியலாளர் ஜேம்ஸ் ஹட்டன் இங்கே வேறொன்றைக் கண்டார். உருகிய நிலையில் கீழிருந்து வந்த கருமையான பாறை, பழைய படிவுப் பாறையின் அடுக்குகளுக்கு இடையே புகுந்து, அவற்றை நெம்பித் தூக்கியிருப்பது இங்கே கண்ணுக்கே தெரிகிறது. பூமியின் உள்வெப்பமும் எண்ணிப் பார்க்க முடியாத நெடுங்காலமும் சேர்ந்து நிலத்தை உருவாக்குகின்றன என்ற அவருடைய கருத்துக்கு இந்த இடமும் ஒரு சான்றானது. நவீன நிலவியலுக்கு அடித்தளமிட்ட பாறைகளில் ஒன்று நகரப் பூங்காவுக்குள்ளேயே கிடப்பது எனக்கு இன்றும் வியப்புத்தான். பாறையடியை ஒட்டிச் செல்லும் ராடிகல் சாலை, 1820ஆம் ஆண்டுத் தொழிலாளர் கிளர்ச்சிக்குப் பின் வேலையற்ற நெசவாளர்களைக் கொண்டு போடப்பட்டது. 2018-இல் பாறை சரிந்து விழுந்த பிறகு அதை மூடிவிட்டார்கள். ஆகவே, பாதை மூடியிருப்பதாக அறிவிப்புப் பலகை சொன்னால் அதை மதித்து, கீழே உள்ள சாலையிலிருந்து பார்ப்பதே முறை.

வெயிலை நம்பி வெளியே கிளம்புகிறவர்கள் ஹார் என்ற கடல்மூடுபனியை அறிந்திருக்க வேண்டும். வெதுவெதுப்பான காற்று குளிர்ந்த வடகடலைக் கடக்கும்போது ஈரம் குளிர்ந்து சிறு நீர்த்துளிகளாக மாறி மூடுபனியாகி, கிழக்குக் காற்றோடு நகருக்குள் நுழைந்துவிடும். சற்றுமுன் நீலமாக இருந்த வானம் காணாமல் போய், மேலாடையைத் தேட வைக்கும். நகரத்தின் வரலாற்றிலேயே இந்தப் பனிக்கு இடம் உண்டு. லீத் துறைமுகத்துக் கப்பல்கள் நேரம் சரிபார்ப்பதற்காக, கால்டன் குன்றிலுள்ள நெல்சன் கோபுரத்தின் உச்சியிலிருந்து பகல் ஒரு மணிக்கு ஒரு பந்தைக் கீழே இறக்கும் வழக்கம் 1852-இல் தொடங்கியது. பனி மூடிய நாள்களில் பந்து கண்ணில் படாது என்பதால், 1861 முதல் அதே நேரத்தில் கோட்டையிலிருந்து பீரங்கி முழங்கத் தொடங்கியது. ஞாயிறு, புனித வெள்ளி, கிறிஸ்துமஸ் தவிர இன்றும் முழங்குகிறது. பனி இல்லாத ஜூன் மாலையில் கால்டன் குன்றுக்கு ஈடான இடம் நகருக்குள் வேறில்லை. பணம் தீர்ந்து பன்னிரண்டு தூண்களோடு நின்றுபோன தேசிய நினைவுச்சின்னத்தின் படிமேடையில் உட்கார்ந்தால், வடமேற்கில் இறங்கும் சூரியனையும் ஃபோர்த் முகத்துவாரத்தையும் சேர்த்தே பார்க்கலாம்.

என் விருப்பங்களில் முதலிடம் கிராமண்ட் தீவுக்குத்தான். நகரின் வடமேற்கு ஓரத்தில், ஆல்மண்ட் ஆறு கடலில் சேருமிடத்தில் கிராமண்ட் என்ற பழைய கிராமம் இருக்கிறது. ரோமானியர் கி.பி. 140-ஐ ஒட்டிக் கோட்டை கட்டிய இடம் அது. மனிதன் ஒருவனைக் கவ்வி நிற்கும் ஒரு பெண்சிங்கத்தின் மணற்கல் சிற்பத்தை, 1997-இல் ஆற்றுச் சேற்றிலிருந்து அங்கிருந்த படகோட்டி கண்டெடுத்தார். கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மைல் தள்ளியுள்ள தீவுக்கு, கடல் வற்றும் நேரத்தில் கல்பாவிய பாதை வழியே நடந்தே போய்விடலாம். பாதையை ஒட்டி, இரண்டாம் உலகப் போரில் எதிரிப் படகுகளைத் தடுப்பதற்காக நட்ட கான்கிரீட் கூம்புகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் அடிப்பகுதியில் ஓடுள்ள சிறு கடலுயிர்களான கொட்டலசுகள் அடையாக ஒட்டியிருக்கும். கடற்பாசி ஈரத்தோடு தொங்கும். கீழே சேற்றில் கடற்புழுக்கள் தள்ளிய சிறு மணற்சுருள்கள் நிறைந்திருக்கும். தீவில் இடிந்த போர்க்காலக் கட்டடங்களும் புல்லும் அன்றி வேறொன்றுமில்லை. மேற்கே ஃபோர்த் ரயில் பாலத்தின் சிவப்பு வளைவுகள் தெரியும். ஆனால் ஒரு விதி உண்டு, அதை மீறவே கூடாது: முழு வற்றத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம்தான் பாதை பாதுகாப்பானது. பாதை தொடங்குமிடத்திலுள்ள பலகையில் அன்றைய நேரங்களைப் பார்த்துவிட்டே இறங்க வேண்டும். கணக்குத் தவறித் தீவில் சிக்கியவர்களை மீட்பதற்கு உயிர்காப்புப் படகு அடிக்கடி வர வேண்டியிருக்கிறது.

குழந்தைகளோடு போவதானால் போர்டோபெல்லோ கடற்கரை நல்லது; மணல் நீளமானது, நடைபாதை சமமானது. கோடையின் உச்சத்திலும் கடல்நீர் 15 டிகிரியை ஒட்டியே இருப்பதால், நீந்த விரும்புகிறவர்கள் சிறிது சிறிதாக உடலைப் பழக்கிக்கொள்ள வேண்டும். வெயில் தாங்காத நாள் என்று ஒன்று வந்தால், லீத் ஆற்றங்கரைப் பாதையில் டீன் கிராமத்திலிருந்து ஸ்டாக்பிரிட்ஜ் வரை மரநிழலிலேயே நடக்கலாம்.

ஒரு முழு நாள் கிடைத்தால் வேவர்லி நிலையத்தில் ரயில் ஏறி நார்த் பெரிக் போங்கள். அரை மணி நேரத்தைச் சற்றுத் தாண்டும் பயணம். அங்கிருந்து படகில் சென்றால் பாஸ் ராக் என்னும் பாறைத்தீவைச் சுற்றி வரலாம். ஒன்றரை லட்சம் கேனட் என்னும் கடற்பறவைகள் கூடி, அந்த இனத்தின் உலகிலேயே பெரிய குடியிருப்பாகப் பெயர்பெற்ற இடம் அது. 2022-இல் பறவைக் காய்ச்சல் தாக்கியதில் அவை பெரிதும் குறைந்துபோனது நெஞ்சை வருத்தும் செய்தி. ஆனாலும் இன்னும் பல்லாயிரம் பறவைகள் அங்கே கூடு கட்டுகின்றன. ஏறத்தாழ இரண்டு மீட்டர் சிறகு விரித்து உயரத்தில் வட்டமிடும் பறவை, சிறகை மடக்கி நேர்கோட்டில் கடலுக்குள் பாய்வதைப் படகிலிருந்து பார்க்கலாம். காற்று வலுத்தால் படகு புறப்படாது. அன்று ஊருக்குப் பின்னாலுள்ள 187 மீட்டர் உயரக் குன்றில் ஏறினால், பறவைகளின் எச்சத்தால் வெளுத்த அந்தப் பாறை அங்கிருந்தே தெளிவாகத் தெரியும்.