அரசியின் பணிப்பெண்: டன்ஃபர்ம்லின் நாட்குறிப்பு

நவம்பர் 3, ஞாயிறு

ஸ்காட்லாந்தின் டன்ஃபர்ம்லின் மடாலயத்தின் அருகே உள்ள பழைய வீட்டில் இன்று முதல் ஒத்திகை நடந்தது. 16ஆம் தேதி, ஸ்காட்லாந்தின் அரசியாக இருந்த புனித மார்கரெட்டின் திருநாள். அன்று வருகிறவர்களின் கண்முன்னே 11ஆம் நூற்றாண்டின் அரசவையை நடத்திக் காட்ட வேண்டும். வீடோ அரசியைவிட நானூறு ஆண்டுகளுக்கு மேல் இளையது. ஆனாலும் தாழ்வான கூரையும் குளிரும் மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்கின்றன. ஹங்கேரியில் பிறந்து, 1066இல் நார்மன்கள் படையெடுத்த பின் இங்கிலாந்திலிருந்து தப்பி வந்து, 1070ஐ ஒட்டி ஸ்காட்லாந்து அரசர் மூன்றாம் மால்கமை இதே ஊரில் மணந்தவர் மார்கரெட். எனக்குப் பணிப்பெண் வேடம். வசனம் நான்கே வரி.

நவம்பர் 9, சனி

உடைகள் வந்துவிட்டன. உள்ளே லினன், மேலே மஞ்சிட்டி வகை வேரில் சாயமேற்றிய சிவப்புக் கம்பளி அங்கி, தலைக்கு முக்காடு. எல்லாம் சரிதான், என் அங்கியின் முதுகில் ஜிப் வைத்துத் தைத்திருந்தார்கள்! அதைப் பிரித்துவிட்டு, கயிறு கோத்துக் கட்டுவதற்கு ஏற்ப ஓரம் மடித்துத் தைப்பதிலேயே மாலை முழுவதும் போயிற்று.

நவம்பர் 13, புதன்

1093இல் இதே நாளில்தான் மால்கமும், அவருக்கும் மார்கரெட்டுக்கும் பிறந்த மூத்த மகன் எட்வர்டும் வட இங்கிலாந்தின் ஆல்னிக் அருகே கொல்லப்பட்டார்கள். மூன்றே நாளில் எடின்பரோ கோட்டையில் அரசியும் இறந்தார். எங்கள் நாடகத்தில் அந்தச் சாவுகள் இல்லை. அது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். மாறாக, தவக்கால நோன்பை எந்த நாளில் தொடங்குவது என்று அரசி குருமாரோடு மூன்று நாள் வாதிட்ட அவைக் காட்சி இருக்கிறது. டர்காட் என்னும் துறவி எழுதியதாகக் கொள்ளப்படும் வரலாற்றின்படி, அரசிக்கு அன்றைய ஸ்காட்லாந்தின் மொழியான கேலிக் தெரியாததாலும் குருமாருக்கு ஆங்கிலம் தெரியாததாலும், இரண்டும் அறிந்த மால்கமே நடுவில் நின்று மொழிபெயர்த்தாராம். பார்வையாளருக்குப் புரிய வேண்டும் என்று இயக்குநர் எல்லாவற்றையும் ஆங்கிலத்திலேயே வைத்திருந்தார். அப்படியானால் அரசருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டேன். நீண்ட பேச்சுக்குப் பின், குருவாக நடிப்பவர் மட்டும் கேலிக்கில் பேசலாம் என்று முடிவாயிற்று. அது இன்றைய கேலிக்தான். அதற்கு மேல் எங்களால் ஆகாது.

நவம்பர் 16, சனி

மழையிலும் கூட்டம் நிறைந்திருந்தது. தாமே படிக்கத் தெரியாத மால்கம், மனைவி விரும்பிய புத்தகத்தை எடுத்து முத்தமிட்டபோது ஒரு சிறுமி உரக்கச் சிரித்தாள். அவைக் காட்சியில் குரு கேலிக்கில் பேசப் பேச, கூட்டம் அவரைப் பார்க்கவில்லை. அடுத்து என்ன சொல்வாரோ என்று அரசரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. ஆயுதமின்றி, மனைவியின் வாக்கியம் முடியும்வரை அடக்கமாகக் காத்து நின்ற அந்த அரசரைத்தான் நான் நெடுநாளாக மேடையில் காண விரும்பினேன்.

கடைசியில், மார்கரெட் நாள்தோறும் காலையில் ஒன்பது அனாதைக் குழந்தைகளைத் தம் மடியில் இருத்தித் தாமே ஊட்டிய காட்சி. மரக்கிண்ணத்தில் ஓட்ஸ் கஞ்சியோடு நான் பக்கத்தில் நின்றேன். முன்வந்தவர்கள் எட்டுப் பிள்ளைகள்தாம். ஒன்பதாவதாக ஒரு பிள்ளையின் தாத்தா சிரமப்பட்டு மண்டியிட்டு, வாயைத் திறந்து காட்டினார். மூன்றாவது கரண்டியில் அவர், "உப்பே இல்லையே" என்று என்னிடம் முணுமுணுத்தார்.