பாலத்துக்கு இந்தப் பக்கம்

16 மார்ச் 2020, இரவு

மலேசியப் பிரதமர் முஹிடின் பேசி முடித்துவிட்டார். 18ஆம் தேதி முதல் 31 வரை மக்கள் நடமாட்டக் கட்டுப்பாடு. பள்ளி இல்லை, கோயில் இல்லை, கடைகளில் பாதி இல்லை. மலேசியர் யாரும் வெளிநாடு போகக் கூடாது. அந்தக் கடைசி வரி வந்ததும் என் வீட்டுக்காரர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். நான் எழுந்து நின்றுவிட்டேன்.

சூப்பர்வைசர் பதினொன்றரைக்கு அழைத்தார். நாளை இரவு பன்னிரண்டுக்குள் சிங்கப்பூருக்கு வந்துவிட்டால் வேலை இருக்கும், தங்க இடம் கம்பெனி பார்க்கும். வராவிட்டால் சம்பளமில்லா விடுப்பு. யோசித்துச் சொல் என்றார். யோசிக்க என்ன இருக்கிறது? வீட்டுத் தவணை, அம்மாவின் மருந்து, நாங்கள் தம்பி என்று கூப்பிடும் மகனின் பாலர் பள்ளி எல்லாம் அந்தச் சம்பளத்தில்தான் ஓடுகின்றன. அங்கே ஒரு வெள்ளி (டாலர்), இங்கே மூன்று வெள்ளி (ரிங்கிட்).

இரண்டு வாரம்தானே.

17 மார்ச்

தம்பி மதியம் தூங்கும்போதே கிளம்பிவிடு என்றார் அம்மா. அழுதால் என்னால் போக முடியாது என்று அவருக்குத் தெரியும்.

குடிநுழைவில் இப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்ததே இல்லை. தலையணை, அரிசிக்குக்கர், ஒரு பெண்ணின் கையில் விசிறி. பாதிப் பேருக்கு முகக்கவசம் இல்லை. பரவாமல் இருக்கத்தானே எல்லையை மூடுகிறார்கள், அதற்காகவே எல்லாரையும் ஒரே மண்டபத்தில் தோளோடு தோள் நிறுத்தி வைத்திருந்தார்கள். ஜோகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் பாலத்தில் பஸ் நகரவேயில்லை. இறங்கி நடந்தோம். மோட்டார் சைக்கிள்களின் புகை தொண்டையில் இன்னும் இருக்கிறது.

18 மார்ச்

கேலாங்கில் ஓட்டல். ஓர் அறைக்கு மூன்று பேர். ஒரு தொழிலாளிக்கு ஓர் இரவுக்கு 50 வெள்ளி வீதம் 14 இரவுகளுக்கு அரசாங்கம் கம்பெனிக்குக் கொடுக்கிறதாம். கிராஞ்சி ரயில் நிலையத்தருகே சிலர் நடைபாதையில் படுத்திருந்த படம் வந்தது. அவர்களுக்குப் படுக்க இடம் பார்க்கக்கூட அவர்களுடைய கம்பெனிகளுக்கு நேரமில்லை.

பாலத்தின் படமும் வந்தது. ஒரு நாளைக்கு மூன்று லட்சம் பேர் கடக்கிற பாலம், வெறும் தார். தாத்தா சொல்லுவார், 1942 ஜனவரி கடைசியில் வெள்ளைக்காரன் பின்வாங்கும்போது இந்தப் பாலத்தில் வெடி வைத்தான் என்று. ஜப்பான்காரன் ஒரே வாரத்தில் கடந்துவிட்டான் என்பதையும் அவரே சொல்லுவார்.

20 மார்ச்

அவர் நேற்று ராத்திரி பாலத்தைக் கடந்து சிங்கப்பூர் வந்து போயிருக்கிறார்.

சரக்குக்குத் தடையில்லை. சிங்கப்பூர் சாப்பிடுவதில் தொண்ணூறு சதவிகிதத்துக்கு மேல் வெளியிலிருந்து வருவது. கோழி, முட்டை, கீரை இல்லாவிட்டால் இந்த ஊர் ஒரு வாரம் தாங்காது. முதல் நாளே இரண்டு பிரதமர்களும் பேசி உறுதி செய்துகொண்டார்கள். அதனால் கேமரன் மலை முட்டைக்கோஸ் வரலாம், அதை ஓட்டிவரும் என் வீட்டுக்காரரும் வரலாம். லோரியை விட்டு வேறெங்கும் போகக் கூடாது, இறக்கியதும் திரும்ப வேண்டும். பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் விடியற்காலை மூன்று மணிக்கு இருந்தாராம். நான் கேலாங்கில் தூங்கிக்கொண்டிருந்தேன்.

25 மார்ச்

ஏப்ரல் 14 வரை நீட்டித்துவிட்டார்கள்.

29 மார்ச்

மார்சிலிங்கில் வாடகை வீடு, பதினோராவது மாடி. சரசு அக்கா, நான், கிளந்தானிலிருந்து வந்த இரண்டு மலாய்ப் பெண்கள். வாடகையில் பாதியைக் கம்பெனி தருகிறது.

இந்த வீட்டில் ஒரு விஷயம் இருக்கிறது. சமையலறை ஜன்னலில், துணி காயப்போடும் மூங்கில் கழிகளைச் செருகும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றால் நம் ஊர் சிம் கார்டுக்கு லைன் கிடைக்கிறது. இரண்டு கோடு, சில சமயம் மூன்று. எதிரே ஜோகூர் பாரு. அங்கேயிருந்து வரும் அலைக்குக் கடப்பிதழ் கேட்கிறவர் யாரும் இல்லை. ஓர் அடி உள்ளே வந்தால் போய்விடும். சரசு அக்கா கண்டுபிடித்தார். இப்போது அந்த இடத்துக்கு வரிசை.

வாட்ஸ்அப் இருக்கிறது, வீடியோ இருக்கிறது, எல்லாம் தெரியும். ஆனாலும் அந்த நம்பரிலிருந்து அழைத்தால் அம்மாவின் பழைய போனில் என் பெயர் வருகிறது. தம்பிக்கு எழுத்து தெரியாது, அந்தப் பெயரின் வடிவம் மட்டும் தெரியும்.

3 ஏப்ரல்

இரண்டு செய்தி. இங்கே 7ஆம் தேதி முதல் சர்க்யூட் பிரேக்கர் என்ற முடக்கம், அவசியமான வேலைகள் மட்டும். எங்கள் கணினிச் சில்லு ஆலை அவசியமாம், ஓடும். அங்கே இன்றிலிருந்து வெளிநாட்டிலிருந்து திரும்பும் மலேசியர் எல்லாரும் அரசாங்க மையத்தில் 14 நாள் இருக்க வேண்டும்.

வீட்டுக்குப் போக எனக்குத் தடையில்லை. குடிமகளை மலேசியா வெளியே நிறுத்தாது. போனால் திரும்பி வர முடியாது, அவ்வளவுதான். கதவு ஒரு பக்கம் மட்டும் திறக்கிறது. நாளைக்கே போகலாம், பதினான்கு நாள் கழித்து மகனைத் தூக்கலாம், அதற்கடுத்த மாதம் தவணைக்கு வங்கியில் நிற்கலாம். ராத்திரி ஷிப்டு முழுக்க இந்தக் கணக்கைத்தான் போட்டேன். வேஃபர் தட்டுகளை எண்ணும்போதும் இதே கணக்கு. அரசாங்கங்கள் செய்வது தவறு என்று எனக்குச் சொல்ல வரவில்லை. இத்தாலியில் ராணுவ லோரிகளில் சவப்பெட்டிகள் போனதை நானும் பார்த்தேன். மூடத்தான் வேண்டும். ஆனால் ஒரு லட்சம் பேருக்கு மேல் ஒரு நாட்டில் தூங்கி இன்னொரு நாட்டில் வேலை செய்கிறோம் என்பது இரண்டு நாட்டுக்கும் நேற்றுத்தான் தெரிந்ததா? மூடுவதற்கு ஒரு நாள் அவகாசம் கொடுத்தார்கள். திறப்பதைப் பற்றி ஒரு வரி இல்லை.

9 ஏப்ரல்

தம்பி போனுக்கு வரவில்லை.

14 ஏப்ரல்

சித்திரை ஒன்று. சரசு அக்கா பாயசம் வைத்தார். கட்டுப்பாடு 28 வரை.

20 ஏப்ரல்

இங்கே ஒரே நாளில் 1,426 பேருக்குத் தொற்று. கிட்டத்தட்ட எல்லாரும் தங்குவிடுதித் தொழிலாளர்கள். எங்கள் கேண்டீனில் தட்டு எடுக்கும் புதுக்கோட்டைத் தம்பி பத்து நாளாக வரவில்லை. அவர் இருக்கும் விடுதியைப் பூட்டிவிட்டார்களாம். ஓர் அறையில் பன்னிரண்டு பேர் என்று முன்பு ஒருமுறை சொன்னார். ஊருக்கு விமானமும் இல்லை, இந்தியாவே தன் வானத்தை மூடிவிட்டது. எனக்கு ஒரு கிலோமீட்டர், அவருக்குக் கடல். அவருடைய நம்பர் என்னிடம் இல்லை. கேட்டு வாங்க வேண்டும்.

23 ஏப்ரல்

மே 12 வரை.

2 மே

சரசு அக்காவின் அப்பா ஜோகூரில், கூலாயில் தவறிவிட்டார். காலை ஆறு மணிக்குச் செய்தி. அக்கா போக முடியாது. போனாலும் மையத்தில் பதினான்கு நாள், அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

வீடியோவில் பார்த்தோம். வீட்டு வாசலில் ஏழெட்டுப் பேர், அதற்கு மேல் விடவில்லை. அண்ணன் மகன் போனைப் பிடித்திருந்தான். கை நடுங்கியதால் படம் தரைக்கும் கூரைக்கும் போய்க்கொண்டேயிருந்தது. “முகத்தைக் காட்டுடா, தாத்தா முகத்தைக் காட்டு” என்று அக்கா கத்தினார். அவன் கிட்டே கொண்டுபோனான். நெற்றியில் வைத்த ஒற்றை வெள்ளி நாணயம் மட்டும் திரை முழுக்க. அப்புறம் லைன் போய்விட்டது. மலாய்ப் பெண் ஒருத்தி தன் போனின் டேட்டாவைத் திறந்து கொடுத்தாள். மறுபடி இணைத்தபோது வண்டி கிளம்பியிருந்தது.

அக்கா இன்று ஷிப்டுக்குப் போனார். போகாதீர்கள் என்றேன். வீட்டில் உட்கார்ந்து என்ன செய்ய என்றார்.

3 மே

எழுத ஒன்றும் இல்லை.

11 மே

ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் நடுவே கான்ஸ்டன்ஸ் என்றோர் ஊர். பக்கத்தில் கிராய்ஸ்லிங்கன். இரண்டும் ஒட்டிப் பிறந்த ஊர்கள், எல்லை பூங்காவுக்குள்ளேயே போகிறது. மார்ச்சில் அங்கே வேலி போட்டார்கள். கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், வேலி வழியாகக் கை பிடித்துப் பேசினார்களாம். அதைப் பார்த்துவிட்டு, கை எட்டாதபடி கொஞ்சம் தள்ளி இரண்டாவது வேலி போட்டிருக்கிறார்கள்.

இதை வாசித்ததிலிருந்து அந்த இரண்டாவது வேலிதான் மனதில் நிற்கிறது. நோய்க்காகப் போட்டது, தெரியும். ஆனால் அதைக் கொண்டுவந்து நட்டவர் கையில் அளவு நாடா இருந்திருக்கும். எவ்வளவு தூரம் தள்ளினால் இரண்டு கைகளும் சேராது என்று அளந்திருப்பார்.

அவரிடம் சொன்னேன். நமக்கு வேலியாவது கிடைத்திருக்கலாம் என்றார்.

19 மே

தம்பி இன்றும் வரவில்லை. “லோரி விளையாடுறான், கூப்பிட்டா வரமாட்டேங்குறான்” என்றார் அம்மா. அவனுக்கு என் மேல் கோபம் என்று நான் சொல்ல, நாலு வயசுப் பிள்ளைக்கு என்ன கோபம் என்று அம்மா திட்டினார். இருக்கும். எனக்கு நாலு வயதில் இருந்தது.

8 ஜூன்

சிங்கப்பூரும் சீனாவும் விரைவுத் தடம் திறந்துவிட்டன. ஷாங்காய், தியான்ஜின், சோங்சிங், இன்னும் மூன்று மாநிலங்கள். முக்கியமான வேலைக்கும் அதிகாரபூர்வப் பயணத்துக்கும். புறப்படும் முன் ஒரு சோதனை, வந்ததும் ஒரு சோதனை. ஆக, வழி இருக்கிறது. எப்படித் திறப்பது என்று அரசாங்கங்களுக்குத் தெரிந்திருக்கிறது. சோதித்து, எண்ணி, பெயர் எழுதி அனுப்பினால் போகலாம். எங்களையும் எண்ணலாமே. எங்கள் பெயர், விரல் ரேகை, எந்த நேரம் கடந்தோம் என்பது எல்லாம் இரண்டு பக்கக் கணினியிலும் பல வருடமாக இருக்கிறது.

இன்று முழுக்க எரிச்சல். லைனும் கிடைக்கவில்லை, மழை.

10 ஜூன்

டாப்அப் முடிந்துவிட்டது, நம்பர் செத்துவிடும் என்று குறுஞ்செய்தி வந்தது. அவரை அழைத்து உடனே போடச் சொன்னேன். பத்து வெள்ளிக்கு ஏன் இப்படிப் பதறுகிறாய் என்றார்.

28 ஜூன்

பார்த்தேன்.

இரண்டாம் கட்டத் தளர்வுக்குப் பிறகு வந்த முதல் விடுமுறை நாள். முதல் ரயிலைப் பிடித்து ஹாவ் பார் வில்லாவில் இறங்கி நடந்தேன். சந்தைக்குள் போகக் கூடாது, அவரும் வண்டியிலிருந்து இறங்கக் கூடாது. இருவருமே மீறப் போவதில்லை என்று முன்பே பேசிக்கொண்டோம். வெஸ்ட் கோஸ்ட் நெடுஞ்சாலையில் சிக்னலுக்கு எதிரே நடைபாதையில் நின்றேன். எத்தனையோ லோரிகள். ஜோகூர் எண் வருகிற ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துக் கண் எரிந்தது.

சிவப்பு விழுந்தபோது மூன்றாவதாக நின்றார். கண்ணாடியை இறக்கினார். முகக்கவசம், அதற்கு மேலே கண். இளைத்திருக்கிறார். நடுவே இரண்டு தடம், பேசினால் கேட்காது. கையை வெளியே நீட்டி, கதவின் கைப்பிடிக்குக் கொஞ்சம் மேலே ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். எனக்குப் புரியவில்லை. மறுபடி தொட்டுக் காட்டினார். தம்பியின் உயரம்! மார்ச்சில் அந்தக் கைப்பிடிக்குக் கீழே இருந்தான்.

பச்சை விழுந்தது. பின்னாலிருந்தவன் ஹாரன் அடித்தான்.

29 ஜூன்

கைப்பிடிக்கு மேலே நாலு விரல் இருக்கும். ஐந்துகூட இருக்கலாம்.

14 ஜூலை

திறக்கிறார்களாம்! இரண்டு நாடும் சேர்ந்து அறிவித்துவிட்டன. ஆகஸ்டில். இரண்டு திட்டம். ஒன்று தொழில், அரசாங்க வேலைகளுக்கு. இன்னொன்று எங்களுக்கு. ஆனால் தினம் போய்வர அல்ல. வேலை செய்யும் நாட்டில் குறைந்தது 90 நாள் இருந்த பிறகு, குறுகிய விடுப்பில் வீட்டுக்குப் போகலாம், திரும்பி வந்து வேலையைத் தொடரலாம். சரசு அக்கா கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் சமையலறைக்குப் போய்விட்டார்.

அவருக்கு இது மே மாதம் வந்திருக்க வேண்டும்.

30 ஜூலை

இன்று பாலத்தின் நடுவில் இரண்டு பிரதமர்களும் சந்தித்தார்கள். புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த்துக்கு ரயில், நாலு கிலோமீட்டர். ஒரு திசையில் மணிக்கு 10,000 பேர், 2026 முடிவில் ஓடும். கூடாரம், கொடிகள், அளவாகத் தள்ளிப் போட்ட நாற்காலிகள். ரயில் வரட்டும், வேண்டும்தான். விடியற்காலை நாலரைக்கு எழுந்து பஸ்ஸுக்கு ஓடியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் அந்த நாற்காலிகள் போட்ட இடத்தைப் பார்த்துக்கொண்டேயிருந்தேன். அந்த இடத்துக்கு நானும் நடந்து போகலாம், இங்கேயிருந்து அரை மணி நேரம்.

10 ஆகஸ்ட்

விண்ணப்பம் இன்று திறந்தது. நான் போட முடியாது, கம்பெனிதான் போட வேண்டும். எச்ஆர், அதாவது மனிதவளப் பிரிவு, வரிசை வைத்திருக்கிறது. முதலில் யார் என்று எப்படி முடிவு செய்கிறார்கள் என்று கேட்டேன். மேலாளர் பரிந்துரை என்றார்கள். சரசு அக்காவை முதலில் அனுப்புங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். பதில் இல்லை.

17 ஆகஸ்ட்

முதல் நாள். பெட்டியை இழுத்துக்கொண்டு மக்கள் கடப்பதைச் செய்தியில் காட்டினார்கள். ஒவ்வொரு முகமாகத் தேடினேன், தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று.

21 ஆகஸ்ட்

திரும்பி வரும்போது ஏழு நாள் தனித்திருக்க வேண்டும், கடைசியில் மூக்கில் குச்சி விட்டுச் சோதனை. எங்கே தனித்திருப்பது? நாலு பேருக்கு இரண்டு அறை, ஒரே குளியலறை. எச்ஆர் பார்க்கிறோம் என்கிறது. ஓட்டலென்றால் செலவு யாருடையது? அந்த ஏழு நாளுக்குச் சம்பளம் உண்டா? அங்கே போனதும் சோதனை என்கிறார்கள். தொற்று இருந்தால்? வாசலில் நின்று அம்மாவைப் பார்த்துவிட்டு மருத்துவமனைக்குப் போவதா? அம்மாவுக்கு அறுபத்தெட்டு, சர்க்கரை. நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால்? இரண்டு நாடும் இவ்வளவு சோதனை வைப்பது இதற்காகத்தானே என்று அவர் சொல்கிறார். சொல்வது சரி. ஆனாலும் தூக்கம் வரவில்லை. மணி இரண்டு. அவர் இப்போது பாலத்தில் இருப்பார்.

28 ஆகஸ்ட்

அங்கே கட்டுப்பாடு டிசம்பர் 31 வரை. எல்லைத் திட்டம் அப்படியே இருக்கும் என்கிறார்கள்.

எச்ஆர் தேதி கேட்டது. சரசு அக்காவுக்கு 4, எனக்கு 12.

9 செப்டம்பர்

புதுக்கோட்டைத் தம்பி கேண்டீனுக்குத் திரும்பிவிட்டார். தொற்று வந்து போய்விட்டதாம். காய்ச்சல் இரண்டு நாள்தான், அடைத்து வைத்ததுதான் நாலு மாதம் என்றார். நம்பர் வாங்கிக்கொண்டேன். ஊருக்கு எப்போது என்று கேட்டேன். போனால் திரும்ப விடுவார்களா அக்கா என்றார்.

11 செப்டம்பர்

பையில் தம்பிக்கு இரண்டு சட்டை, ஒரு அளவு பெரிதாகவே எடுத்தேன். அம்மாவுக்கு மருந்து. அனுமதிக் கடிதத்தை இரண்டு படி எடுத்தாச்சு. தம்பி போனுக்கு வந்தான், தன் லோரியின் சக்கரம் கழன்றுவிட்டது என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டான்.

காலை எட்டு மணிக்குச் சோதனைச்சாவடி. மீதியை வீட்டிலிருந்து எழுதுகிறேன்.